புலாற்போலி உணவும் புலான்மறுத்தலும்

திருச்சிற்றம்பலம்

சென்ற ஆண்டு வேலூர்ப் பக்கத்துச் சைவ சபை ஒன்றிலே நிகழ்ந்த குருபூசைக்கு யாமும் சென்றிருந்தோம். மாகேசுர பூசைக்கு இலையிடும் வேளையில், ஆம்பூரிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் தூக்குப் பாத்திரம் ஒன்றைக் கொணர்ந்து, தம் இல்லத்தில் ஆக்கிய பண்டத்தை அடியார்க்குப் பரிமாறல் வேண்டுமென்று பணிவுடன் கேட்டார். அவர் தோல் பதனிடுஞ் சாலையிற் கூலி வேலை செய்பவர். ஊனுண்ணுங் குடியிற் பிறந்தவர். சமய தீக்கை பெற்ற நாள்தொட்டு மனைவி மக்களோடு ஊனை அறவே ஒழித்தவர். பாத்திரத்தில் இருந்தவை காராமணியையும் கடலைப்பருப்பையும் அரைத்துக் காய் சேர்த்து உருட்டி வேவித்துக் குழம்பிலிட்ட உருண்டைகள். பந்தி விசாரிப்பவர் பெயர் கேட்க, அன்பர் கள்ளமின்றிச் 'சைவக் கோலா' என்றார்.

கோலா என்பது கொத்திய இறைச்சியை உருட்டிச் செய்யும் பண்டத்தின் பெயர். அச்சொல் கேட்டவளவிற் பெரியோர் சிலர் முகஞ்சுளித்தனர். "ஊனை விட்டவர் ஊனின் உருவையும் பெயரையும் விடவில்லையே" என்றனர். பாத்திரம் அடுக்களைப் புறத்தே வைக்கப்பட்டது. யாமும் அங்கிருந்தோம், ஒன்றும் பேசினோமில்லை. புறப்படும்போது அவ்வன்பர் எம்மை அணுகி, "சாமி, பிள்ளைகள் தெருவில் பிரியாணி மணம் கேட்டு ஏங்காமல் இருப்பதற்காக இதைச் செய்கிறோம். இதுவும் பாவமென்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம்" என்றார். யாம் விடை கூறாது வாயிலிற் கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தோம். அது தோற்செருப்பு என்பது நெடுந்தூரம் நடந்த பின்னரே எம் நினைவுக்கு வந்தது.

அன்று சொல்லாத விடையை ஈண்டு எழுதப் புகுகின்றோம். ஊனை ஒழித்தோன் ஊனை ஒத்த பண்டத்தை உண்ணலாமோ என்பதே ஆராய்தற்குரிய பொருள்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். காராமணியை இரவே ஊறவைத்துக் காலையில் வேகவைப்பர். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நீரை முற்றும் வடித்துக் கரகரப்பாக அரைப்பர். கேரட்டையும் கோசையும் துருவிப் பிழிந்து சேர்ப்பர். வாழைப்பூவாயின் நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி மோரில் இட்டெடுப்பர். சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி, கொத்துமல்லி ஆகியவை மணத்துக்கு உரியன. இறைச்சி உருண்டைக்குச் சிலர் முட்டை சேர்ப்பர்; இதற்குப் பொட்டுக்கடலை மாவே பிணிப்பாக அமையும். நீர் மிகுந்தால் உருண்டை குழம்பிற் கரையும். மாவு நைய அரைபட்டால் கல்லாய் இறுகும். ஆதலின் முதலில் இட்டலிப் பானையின் ஆவியில் வேவித்துப் பின்னரே கொதிக்கும் குழம்பில் இடுவர்.

இதன்கண் ஓர் உயிரின் குருதியோ கொழுப்போ அணுவளவும் இல்லை. ஆயின் ஊனின் நினைவு எழுவது எதனால்? சோம்பு ஒரு விதை; பட்டை ஒரு மரத்தின் உரி; கிராம்பு ஒரு மொட்டு. ஊனுக்கே உரிய மணமென்று மக்கள் மயங்குவது பெரும்பாலும் இந்நிலைத்திணைப் பொருள்களின் மணமே. வெற்றூனின் நாற்றத்தை ஊனுண்பாரும் பொறார். அதனாலன்றோ இத்துணைச் சரக்குகளை இட்டு அதனை மறைக்கின்றனர்? எனவே இவ்வுருண்டை ஊனின் மணத்தைக் கடன் வாங்கிற்று என்பதினும், ஊன் மரஞ்செடிகளினின்று கடன் வாங்கிய மணம் தன் இடத்துக்கு மீண்டது என்பதே பொருந்தும்.

பெயரின் கதையும் இதுவே. 'கறி' என்பது பழந்தமிழில் மிளகைக் குறித்த சொல். காய்கறி, கறியமுது என்னும் வழக்குகளில் இன்றும் நிலைத்திணைப் பொருளுக்கே உரியதாய் நிற்கின்றது. பிற்காலத்து உலக வழக்கில் அது தனித்து நின்று ஊனைக் குறிக்கலாயிற்று. மற்றொரு பெயரோ நம்மை இன்னும் அணுக்கமாகத் தொடுவது. உண்டிச்சாலைப் பலகைகளில் 'சைவம்' என்னும் சொல் ஊனில்லாத உணவுக்குப் பெயராகி நிற்கின்றது. சிவபெருமானை முழுமுதலாகக் கொண்ட சமயத்தின் பெயரை நாடு முழுதும் கொல்லாத உணவுக்குச் சூட்டிற்று என்பது நமக்குப் பெருமை. அதுவே நம் சமயம் அடுக்களையளவிற் சுருங்குவதற்கு வாயிலாகுமோ என்பது நமக்கு அச்சம்.

இத்தகைய பண்டம் புதியதுமன்று. பருப்புருண்டைக் குழம்பைச் சைவப் பந்தியில் விலக்கினார் எவருமிலர். பாசிப்பயற்றை அரைத்து வேவித்துத் துண்டமிட்டுச் 'சைவ ஈரல்' என்னும் பெயராற் குழம்பு வைக்கும் இல்லங்களும் தமிழகத்தில் உள. எண்ணெய் பிழிந்தெடுத்த சோயாப் பயற்றின் எச்சத்தால் ஆகிய உருண்டை 'மீல்மேக்கர்' என்னும் பெயருடன் சிற்றூர்க் கடைகளிலும் விற்கின்றது. கடல் கடந்து நோக்கின், சீன தேயத்தில் கி.பி. 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் வமிசத்து ஊ என்னும் புத்த சமயப் பேரரசன், முன்னோர் வழிபாட்டிற் பலியிடும் விலங்குகளுக்கு ஈடாக மாவினாற் செய்தவற்றை வைக்கச் செய்தான். சப்பானியத் துறவியர் மடங்களின் ஊனில்லா உணவு மரபில், சோயாக் கட்டியைப் பிசைந்து காய் சேர்த்து உருட்டிப் பொரிக்கும் பண்டம் ஒன்று உண்டு. 'கன்மொதோகி' என்னும் அதன் பெயருக்குக் காட்டு வாத்தின் போலி என்பதே பொருள். கொல்லாமை பரவிய இடமெல்லாம் இவ்வினாவும் உடன் சென்றது.

இனிப் பூர்வபக்கத்தை அதன் முழு வலிமையோடும் நிறுத்துதல் வேண்டும். எளியதாக்கி மறுத்தல் அறமன்று. அவர் கூறுமாறு: உருவும் பெயரும் நினைவை எழுப்பும், நினைவு வேட்கையை வளர்க்கும், வேட்கை முற்றின் வினையாகும். வினை காயத்தால் மட்டும் ஆவதன்று, மனத்தாலும் வாக்காலும் ஆவது என்பது சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்துட் காணும் நம் துணிபு. வாயாற் பருப்பைத் தின்று மனத்தால் ஊனைத் தின்பவன் புலால் மறுத்தவன் ஆவனோ?

இதற்குத் துணையாக அவர் காட்டத்தக்க கதை ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தில் உளது. அது சமண நூல். சமணம் வேலூர் நாட்டுக்கு அயலானதன்று. முருகப்பெருமான் கோயில் கொண்ட வள்ளிமலையிலேயே கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களை இன்றுங் காணலாம். யசோதரன் என்னும் அரசன் உயிர்ப்பலிக்கு உடன்படாதவன்; தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினாற் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்டான். உயிரில்லாத மாவை வெட்டிய அவ்வொரு செயலால் தாயும் மகனும் பல விலங்குப் பிறப்புக்களில் உழன்றனர் என்பது கதை. மாக்கோழிக்கே இத்துணைப் பயன் எனின், மாவுருண்டையை ஊனென்று பெயரிட்டு உண்பார்க்கு என்னாம் என்பது தடை.

இதற்கு எமது விடை வருமாறு. அக்கதை நம் கொள்கைக்கு மாறன்று, அரண் ஆகும். மாவிற் கொலை இல்லை. அரசனது குறிப்பிலேயே கொலை இருந்தது. 'இது கோழி, இதனைக் கொல்கின்றேன், இதனாற் பயன் பெறுவேன்' என்பது அவன் பாவனை. உயிர் கிடைத்திலது, கருத்து நிறைவேறிற்று. ஆம்பூர் அன்பரது பாவனையோ 'இனிக் கொல்லேன், கொன்றதைத் தின்னேன், என் மக்களையும் தின்னவிடேன்' என்பது. அவன் கொலையின் பக்கம் செல்லுங்கால் மாவைக் கைக்கொண்டான். இவர் கொலையினின்று மீளுங்கால் பயற்றைக் கைக்கொண்டார். ஒரே வழியில் எதிரெதிர் நடப்பார் இருவர் ஓரிடத்தே சந்தித்தமை கொண்டு இருவரையும் ஒரே ஊர்க்குச் செல்வார் என்பது பிழை. வினைக்கு வித்து உருவமன்று, உள்ளக் குறிப்பே என்று கொண்டபின், உருவத்தைக் காட்டிக் குற்றஞ் சாட்டுதல் தம் கூற்றைத் தாமே மறுத்தலாம்.

அற்றேல், வேட்கை எஞ்சி நிற்கின்றதே எனின், நிற்கின்றது, மறுத்திலம். பெருங்காயம் வைத்த பாண்டம் கழுவிய பின்னும் நாறுவதுபோல, விட்ட பழக்கத்தின் வாசனை உடனே அறாது. மலவாசனைக்குச் சாத்திரங்கள் கூறும் இவ்வுவமை அடுக்களையிலேயே பிறந்தது. நாறுகின்றதென்று பாண்டத்தை உடைப்பார் இலர். மீண்டும் மீண்டும் கழுவி வேறு பண்டம் பெய்து வைப்பர். நம் சமயம் சரியை கிரியை யோகம் ஞானம் எனப் படி வகுத்ததும் இவ்வியல்பு நோக்கியே. நுண்ணிய அருந்ததி மீனைக் காட்டுவான் முதலில் அதனருகே விளங்கும் பெரிய மீனைக் காட்டுதலைத் தூலாருந்ததி நியாயம் என்பர். கட்புலனுக்கு இரங்கும் அந்நியாயம் நாப்புலனுக்கு ஏன் இரங்குதல் ஆகாது? தலைமுறை தலைமுறையாக ஊன் சுவைத்த நாவுக்கு நாவடக்கம் என்னும் நுண்மீனைக் காட்டுமுன் பயற்றுருண்டையைக் காட்டுகின்றாள் ஒரு தாய். அவள் நியாய நூல் கற்றிலள். ஆயினும் நியாயம் வழுவினாளல்லள்.

எனினும் ஈண்டு வரையறை இரண்டு உள. படி என்பது ஏறுதற்கு, குடியிருத்தற்கன்று. ஊனின் சுவையை முன் அறியாத சைவன் ஒருவன், அச்சுவை எத்தகையதென்னும் ஆவலால் இத்தகைய பண்டங்களைத் தேடித் தின்னுமாயின், அவன் ஏறவில்லை, இறங்குகின்றான். ஒரே உருண்டை ஒருவர்க்கு மருந்தாய் மற்றவர்க்கு நோயாகும், குற்றம் உருண்டையினதன்று. இஃது ஒன்று.

மற்றொன்று திருமுன்பு பற்றியது. நிவேதனத்தில் பாவனையே உயிர். ஊனின் பெயரிட்ட பண்டத்தை இறைவன்முன் வைத்தல் யசோதரனது பாவனையை அணுகும். ஆதலின் அங்கே அதனைப் பருப்புருண்டை என்னும் தன் பெயராலேயே வைத்தல் தகும். நீற்றுப்பூசணியைக் குங்குமந் தடவிப் பிளக்கும் வழக்கத்தையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். ஆட்டை விட்டுப் பூசணிக்கு வந்த ஊர் ஏறிய ஊர். பூசணியை ஆடென்று எண்ணிப் பிளக்கும் நெஞ்சு இன்னும் ஏற வேண்டிய நெஞ்சு. கோயில்களில் விலங்கு பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இல் சென்னை இராச்சியத்தில் இயற்றப்பெற்று, 2004-இல் நீக்கப்பெற்றது. சட்டம் கையைக் கட்டும். நெஞ்சை நெகிழ்விப்பது அதன் தொழிலன்று.

நெஞ்சு நெகிழ்தலே புலான்மறுத்தலின் வேர் என்பதைத் திருவள்ளுவர் அதிகார முறையிலேயே வைத்துக் காட்டினார். அருளுடைமை 25-ஆம் அதிகாரம், புலான்மறுத்தல் 26, தவம் 27, கூடாவொழுக்கம் 28. ஊனொழித்தல் அருளிற் பிறந்து தவத்துக்கு வாயிலாவது என்பதும், அருள் வற்றி வேடம் மட்டும் எஞ்சின் கூடாவொழுக்கமாக முடியும் என்பதும் இம்முறை வைப்பால் யாம் கொள்ளும் கருத்து. தூய்மை தீட்டு என்னும் எண்ணம் அருளுக்குப் பின்வரலாம். அருளின் இடத்தில் அமரலாகாது. ஊனை அருவருத்து ஒதுக்குவோன் தன் தூய்மையைக் காக்கின்றான். உயிர்க்கு இரங்கி ஒதுக்குவோன் பிறிதோர் உயிரைக் காக்கின்றான். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள் கொல்லாமையையும் பசியாற்றுதலையும் சீவகாருணியம் என்னும் ஒரே அறத்தின்பாற் படுத்ததும் இதுபற்றியே. பசித்து வந்தாரை உண்பிக்கும் கை, அன்புடன் கொணர்ந்த உணவை ஒதுக்குங்கால், தன்னைத்தானே வினவிக்கொள்ளல் வேண்டும்.

கண்ணப்பர் ஊனையே படைத்தார், இறைவன் ஏற்றான் அன்றோ. ஆகவே உணவில் ஆராய்ச்சி எற்றுக்கு எனின், அஃது ஊனுண்டற்கு உரிமைச் சீட்டன்று. இறைவன் ஏற்றது ஊனையன்று, அன்பையே. அவ்வன்பின் பெருமையைச் சிவகோசரியாருக்குக் காட்டற் பொருட்டன்றோ காளத்தியில் அத்திருவிளையாடல் நிகழ்ந்தது? ஆசாரம் வழுவாத சிவகோசரியாரும் அன்பைக் காணக் கற்பிக்கப்பட்டார் எனின், பருப்பையே கொணர்ந்த அன்பரது அன்பைக் காணாத நாம் எத்துணைக் கற்க வேண்டியவர்!

இனி, செருப்புக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோற்றொழிலாற் பெயர் பெற்றவை. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு அவற்றின் இடத்தைப் பெரிதும் கவர்ந்தது. தோலின் உப்பும் இரசாயனக் கழிவும் பாலாற்றுப் படுகையிற் சேர்ந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வழங்கியபோது, தோற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஒரு பகுதியோ பயிருக்கு ஆகாததாயிற்று என்னும் ஆய்வை எடுத்துக்காட்டிற்று. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்றும் குறித்தது. காராமணி முளைப்பதற்கும் மண் வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கும் மண் வேண்டும். கொல்லாத உணவை விளைக்கும் நிலத்தைத் தோல் கெடுத்ததாயின், அடுக்களையில் ஊனை விலக்கி அடியில் தோலை அணிவோன் தன் அறத்தை இடுப்பளவில் நிறுத்திக்கொண்டவனாவான்.

ஈண்டுத் தோற்றொழிலாளரைப் பழித்தல் எம் கருத்தன்று. பழித்தற்குச் சைவர்க்கு உரிமையும் இல்லை. சிவாலயப் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தலைத் தம் தொண்டாகக் கொண்டவர் திருநாளைப்போவார்; அறுபத்துமூவருள் ஒருவராய்த் திருக்கோயில்தோறும் வணங்கப்படுபவர். தொழிலின்பாற் குற்றம் உண்டெனின், அதனை விலைகொடுத்து வளர்ப்பார்க்கும் அதிற் பங்குண்டு. 'யாம் கொன்றிலம், கடையில் வாங்கினோம்' என்னும் விடையை ஊனுண்பார் கூறினால் ஏற்கமாட்டோம். தோலுக்கு மட்டும் அதனையே கூறுதல் யாங்ஙனம்? தானே இறந்த விலங்கின் தோலாயின் குற்றமின்று எனின், அங்காடியிற் கிடக்கும் செருப்பில் எது தானே இறந்தது, எது கொல்லப்பட்டது என்று அணிவோர் அறிகின்றிலர்.

இதனை எண்ணிய பின்னர் யாம் தோற்செருப்பை ஒழித்து, ரெக்சின் செருப்பு ஒன்று வாங்கினோம். பார்வைக்கு அது தோலே போலும். தோலின் நிறம், தோலின் வரி, தோலின் மினுக்கம். அதனை அணிந்து சபைக்குச் சென்றபோது, "தோலை விட்டவர் தோலின் உருவை விடவில்லையே" என்று எம்மை ஒருவரும் இடித்துரைத்திலர். உயிரிரக்கமென்று பாராட்டினாரும் உளர். காலுக்குப் போலியைக் கொண்ட எம்மை இரக்கமுடையோம் என்று புகழ்ந்த நாவே, நாவுக்குப் போலியைக் கொண்ட அன்பரை வேட்கையுடையார் என்று இகழ்ந்தது. இருவர் நின்றதும் ஒரே படி. அவர் எமக்கு முன்னரே ஏறியவர். அதுவும் தோலினாற் கூலி பெற்று வாழும் ஊரில், ஊன் மணக்குந் தெருவில், சிறு மக்களையும் கைப்பிடித்து ஏறியவர். யாம் ஏறியது ஒரு கடைக்குச் சென்று வந்த அளவே.

ஆதலின் துணிபு இது. ஊனொழித்தார் ஊனை ஒத்த பயற்றுருண்டையை உண்டல் பாவமன்று. அது மீண்டு வருவார்க்கு ஊன்றுகோல். கால் வலிபெற்ற நாளில் கோல் தானே கைந்நழுவும். நழுவும் நாளை அவர் குருவும் அவர் நெஞ்சும் அறியும், பந்தியில் இருப்போர் குறித்தல் வேண்டா. பிறப்பால் ஊனறியாதார்க்கு அப்பண்டத்தில் வேட்கை எழுமாயின் விலக்குக. எழாதாயின் அது பருப்பே. திருமுன்பு வைப்பதாயின் பருப்பென்றே கூறி வைக்க. எவ்வாற்றானும், அன்புடன் அடியார்க்கென்று கொணர்ந்ததை அடுக்களைப் புறத்தே வைத்தல் ஆகாது.

வருகின்ற குருபூசைக்கு அவ்வன்பரை மீண்டும் அதே பண்டத்தைக் கொணருமாறு வேண்டியுள்ளோம். வருவதாக அவர் இன்னும் உடன்பட்டிலர். உடன்படின், அவர் கையாற் பரிமாற யாம் முதலில் உண்போம். உடன்படாராயின், அன்று யாம் வாய் திறவாதிருந்ததன் பயன் அதுவென்று கொள்வோம்.

திருச்சிற்றம்பலம்